ஊழியம், ஆலோசனை, செமினரி வகுப்பு: மூன்றையும் ஒரே ஆள் பார்க்க முடியுமா?

மத்தூரான், 2025 ஜூன் 4, இரவு 9.50

தம்பிக்கு 23 வயசு, பி.எஸ்சி. முடிச்சிருக்கான். ஊழிய அழைப்பு இருக்குன்னு உறுதியா இருக்கான். எங்க பாஸ்டர் ஞாயிறு பிரசங்கம் பண்றார், வார நாள்ல குடும்ப ஆலோசனை, மாசத்துல ஒரு வாரம் வேதாகமக் கல்லூரியில் பாடம். தம்பிக்கும் அதே மாதிரி ஆகணுமாம். என் வாதம் இதுதான்: அபிஷேகம் இருந்தா கல்லூரி தேவையில்லை. பேதுரு எந்த செமினரியில் படிச்சார்? மூணு வருஷம் வீண். மறுப்பு இருந்தா எழுதுங்க.

தென்பெண்ணை, ஜூன் 4, இரவு 10.35

பேதுரு மூன்று வருஷத்துக்கு மேல வாத்தியாரோடவே தங்கிப் படிச்சவர். ஃபீஸ் கட்டல, அவ்வளவுதான்.

கல்லூரி வேணுமா வேணாமாங்கிறதை அப்புறம் பார்ப்போம். நீங்க மூணு வேலையையும் ஒரே வேலையின் மூணு பக்கமா எழுதியிருக்கீங்க. மூணுக்கும் விதி வேற. மேடையில அவர் பேசணும், சபை கேட்கணும். ஆலோசனைக்கு உட்கார்ந்தா அவர் கேட்கணும், அங்க கேட்டது மேடை ஏறக்கூடாது. வகுப்புல மாணவன் "இது தப்பு சார்"னு சொல்ல இடம் விடணும். சபையில அப்படி யாரும் சொல்றதில்லை. ஒரே ஆள் செய்யலாம், செய்றவங்க இருக்காங்க. கெட்டுப் போறது எப்பவும் ஒண்ணோட பழக்கம் இன்னொண்ணுக்குள்ள நுழையும்போதுதான்.

தென்பெண்ணை, ஜூன் 5, காலை 6.15

நேரக் கணக்கை விட்டுட்டேன். நம்ம தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து நடுத்தரச் சபை ஒண்ணு, நாற்பது குடும்பம்னு வச்சுக்குங்க. ஞாயிறு காலை ஆராதனை, முதல் ஞாயிறு திருவிருந்து, செவ்வாய் புதன்ல வீட்டு ஜெபக் கூட்டம், வெள்ளி 10 மணியிலிருந்து 2 மணி வரை உபவாச ஜெபம், மாசம் ஒரு முழு இரவு ஜெபம். இது அட்டவணையில் இருக்கிறது. அட்டவணையில் இல்லாதது: பிரசவம், சாவு, ஸ்டேஷன் வாசல், ஜாமீன் கையெழுத்து, பைக் பூஜைக்குப் பதிலா பைக் ஜெபம். இதுக்கு நடுவுல ஒரு பிரசங்கத்துக்கு நேர்மையா தயார் பண்ண எட்டு மணி நேரமாவது வேணும்.

செமினரியில் மூணு கிரெடிட் பாடம் பெரும்பாலும் 45 மணி நேர வகுப்பு. ஒரே வாரத்துல அடைச்சு நடத்துனா தினம் ஆறேழு மணி நேரம் போக, மிச்சத்தை அசைன்மென்ட்ல தள்ளுவாங்க. இருபத்தைந்து பேர் எழுதின தாளைத் திருத்துறதை யாரும் கணக்குல சேர்க்கிறதில்லை.

ஷிப்ட்சபை_ஓசூர், ஜூன் 5, பகல் 2.20

ஞாயிறு காலை ஆராதனைன்னு எழுதிட்டீங்க. சிப்காட் பக்கம் அது நடக்காது பிரதர். ஏ ஷிப்ட் ஆறு மணிக்கு உள்ள போறான், சி ஷிப்ட் ஆறு மணிக்கு வெளிய வர்றான், வார விடுமுறை ஆளுக்கு ஆள் மாறுது. அதனால 7 மணிக்கு ஒண்ணு, 10 மணிக்கு ஒண்ணு, சாயங்காலம் 5.30க்கு ஒண்ணு. 7 மணி ஆராதனைக்கு சி ஷிப்ட் முடிச்சு நேரா வர்றவன் தூங்குவான். பிரசங்கத்தை 25 நிமிஷத்துல முடிக்கணும், தூங்குறவனை எழுப்பக் கூடாது.

மொழி இன்னொரு விஷயம். ஓசூர், தேன்கனிக்கோட்டை, சூளகிரி மூணு பக்கமும் தமிழ், தெலுங்கு, கன்னடம் கலந்த சபை. மொழிபெயர்ப்பாளர் பக்கத்துல நின்னா 40 நிமிஷப் பிரசங்கத்துல உங்க பங்கு 20 நிமிஷம். வாக்கியம் ஏழெட்டு வார்த்தைக்கு மேல போனா அவர் பாதியை விட்டுடுவார். அடுக்குமொழி வேண்டாம். தமிழ்ல கைதட்டு வாங்கும், தெலுங்குல ஒண்ணுமே வராது.

தருமபுரி பக்கம் நிலைமை வேற. பென்னாகரம், நல்லம்பள்ளியில் இருந்து பெங்களூர் கட்டட வேலைக்குப் போன ஆம்பளைங்க சனி ராத்திரி வந்து திங்கள் விடியலில் பஸ் ஏறுவாங்க. ஆம்பளைங்களைப் பார்க்கிறது ஞாயிறு ஒரு நாள். குடும்ப ஆலோசனையும் அன்னிக்கு மதியம்தான் நடக்கும்.

பாலக்கோடு_அக்கா, ஜூன் 6, இரவு 8.05

ஆலோசனையைப் பத்தி எழுதுறேன். நர்ஸ் வேலை பார்த்த, பாஸ்டர் வீட்டு ஆளா எழுதுறேன்.

வெள்ளி உபவாச ஜெபத்துல பாதிப் பேர் சுகர்காரங்க. கிளிமிபிரைடு மாதிரி மாத்திரை போட்டுட்டு, இல்லேன்னா இன்சுலின் போட்டுட்டு சாப்பிடாம இருந்தா 12 மணிக்கு மேல சர்க்கரை இறங்கும். வியர்வை, நடுக்கம், பேச்சு குழறல். முன்னாடி வரிசையில் அதைப் பார்த்துட்டு "ஆவியானவர் அசைவாடுகிறார்"னு மைக்கில் சொல்ற ஆட்கள் இருக்காங்க. நினைவோட இருந்தா மூணு டீஸ்பூன் சர்க்கரை தண்ணியில கரைச்சுக் குடுங்க. நினைவு இல்லேன்னா வாயில ஒண்ணும் ஊத்தாதீங்க, 108. சுகர்காரங்க, கர்ப்பிணி, டிபி மாத்திரை சாப்பிடுறவங்க உபவாசம் இருக்க வேண்டாம்னு கூட்டம் ஆரம்பிக்கும்போதே அறிவிக்கணும். ஒரு நேரம் டிவி பார்க்காம இருக்கறதும் உபவாசம்தான்னு சொன்னா யாருக்கும் கௌரவக் குறைச்சல் இல்லை.

முழு இரவு ஜெபம்: வலிப்பு நோய் உள்ளவங்களையும், மனநிலை ஏறி இறங்குற நோய்க்கு மருந்து சாப்பிடுறவங்களையும் பத்து மணிக்கு வீட்டுக்கு அனுப்பிடுங்க. தூக்கம் கெட்டா ரெண்டும் கிளம்பும்.

வலிப்பு வந்தா ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, தலைக்கடியில துணி, நேரம் பாருங்க. சாவிக்கொத்து வேண்டாம், வாயில விரல் வேண்டாம், எண்ணெய் வேண்டாம். அஞ்சு நிமிஷம் தாண்டினா 108. வலிப்பு மாத்திரையை "விசுவாசத்துல" திடீர்னு நிறுத்தினா விடாத வலிப்பு வரும். ஆளே போயிடலாம்.

தென்பெண்ணை, ஜூன் 6, இரவு 9.30

அக்கா எழுதினதுக்கு மேல ரெண்டு. "சுகமாயிட்டேன்"னு சாட்சி சொல்ல வர்றவங்களை, டாக்டர் பார்த்து சரின்னு சொன்ன பிறகு மேடை ஏற்றலாம். இதை அவிசுவாசம்னு சொல்றவங்களுக்கு லூக்கா 17:14 போதும். குஷ்டரோகிகள் பத்துப் பேரையும் ஆசாரியர்கிட்ட போய்க் காட்டச் சொன்னார். அந்தக் காலத்துல தோல் நோய் போச்சா இல்லையான்னு சான்று குடுக்கிற அதிகாரி அவர்தான்.

பிசாசா நோயாங்கிற கேள்வி. ஆளை முதல்ல ஆஸ்பத்திரிக்கு அனுப்பறதால எந்த ஜெபமும் கெட்டுப் போகாது. ராத்திரி ரெண்டு மணி நேரம்தான் தூங்குறான், ஆனா சோர்வே இல்லை, பேச்சு நிக்கல, கடன் வாங்கி செலவு பண்றான், "நான் தீர்க்கதரிசி"ங்கிறான், இப்படி ஒரு வாரம். இது எழுப்புதல் (ஆவியினால வர்ற உற்சாகம்) இல்லை, மேனியாங்கிற மனநோய். பெந்தெகொஸ்தேக்காரங்களுக்கு அளவுகோல் வேதத்துக்குள்ளயே இருக்கு. 1 கொரிந்தியர் 14ல பவுல் ரெண்டு பேர் அல்லது மூணு பேர், ஒருத்தர் பின் ஒருத்தர்னு சொல்றார். தீர்க்கதரிசியின் ஆவி தீர்க்கதரிசிக்கு அடங்கியிருக்கும்னும் சொல்றார். நிறுத்தச் சொன்னா நிறுத்த முடியாத ஆளுக்கு மைக் குடுக்கக் கூடாது. சைக்கியாட்ரி ஓபி சீட்டு குடுக்கணும். தருமபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலும் பார்க்கலாம். ஓசூர்க்காரங்களுக்குப் பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரி அதே ஓசூர் ரோட்டு மேலதான் இருக்கு. போன்ல பேசணும்னா அரசு மனநல உதவி எண் டெலி மானஸ் 14416.

ஜெப வீட்டுல கட்டிப் போடறது, பூட்டி வைக்கறது அறவே கூடாது. ஏர்வாடி மனநோயாளிகள் காப்பகத்துல 2001 ஆகஸ்ட் 6 தீ விபத்துல 28 பேர் செத்தது சங்கிலியோட. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியை எந்த வடிவத்திலும் தடை செய்யுது. மனநோயாளிகளைத் தங்க வச்சு "விடுதலை ஊழியம்" நடத்துற இடத்துக்கும் பதிவு கேட்பாங்க.

பாலக்கோடு_அக்கா, ஜூன் 6, இரவு 9.48

குடியை விட்டுட்டேன்னு வர்றவங்களையும் சேர்த்துக்குங்க. வருஷக்கணக்கா தினம் குடிச்சவர் ஒரே நாள்ல நிறுத்தினா முதல் நாளே கை நடுக்கம், வியர்வை. ரெண்டு நாளைக்குள்ள வலிப்பு வரலாம். ரெண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள்ள பூச்சி ஊருது, யாரோ கூப்பிடுறாங்கன்னு பிதற்றல். அதைப் பிசாசு போகும்போது பண்ற ஆர்ப்பாட்டம்னு நினைச்சு உட்கார்ந்திருந்தா உயிர் போகும். வைட்டமின் பி1 ஊசி, அடக்கற மருந்து ரெண்டும் ஆஸ்பத்திரியில் வேணும். ஒப்புக்கொடுத்த அன்னிக்கே அட்மிஷன் போடுங்க. சாட்சி ஆறு மாசம் கழிச்சு.

மத்தூரான், ஜூன் 7, காலை 7.10

நான் செமினரி பத்திக் கேட்டேன். ஆஸ்பத்திரி வார்டுக்குள்ள வந்துட்டோம்.

ஷிப்ட்சபை_ஓசூர், ஜூன் 7, காலை 7.32

ஊழியத்துக்கு வந்தா முதல்ல அங்கதான் போவீங்க பிரதர்.

தென்பெண்ணை, ஜூன் 8, இரவு 10.10

ஆலோசனைக்கு உட்கார்ற முறை. நாற்காலியை நேருக்கு நேர் போடாம சாய்வாப் போடுங்க. ஐம்பது நிமிஷம். முதல் அஞ்சு நிமிஷத்துல ஜெபம் பண்ணாதீங்க. ஜெபம் ஆரம்பிச்சா பேச்சு முடிஞ்சதுன்னு நம்ம ஜனங்க எழுந்துடுவாங்க. கடைசியில பண்ணுங்க, அதுவும் அவங்க சொன்ன வார்த்தையிலேயே. பாஸ்டர் பேச்சு மூணுல ஒரு பங்குக்கு மேல போனா அது தனி ஆளுக்கு நடத்தின பிரசங்கம். பெண்கள் வந்தா கதவு திறந்திருக்கணும், பாஸ்டரம்மா பார்வைக்கு எட்டுற இடத்துல, இருட்டின பிறகு வேண்டாம். மூணு தடவை உட்கார்ந்தும் நகரலைன்னா அடுத்த ஆள்கிட்ட அனுப்பணும்.

ரகசியம் காப்போம்னு மொத்தமா வாக்குக் குடுக்காதீங்க. உயிருக்கு ஆபத்து, குழந்தைக்குப் பாலியல் கொடுமை, இந்த ரெண்டும் வெளிய போகும்னு ஆரம்பத்திலேயே சொல்லிடணும். போக்சோ சட்டம் 19-ம் பிரிவுப்படி தெரிஞ்ச யாரும் புகார் குடுத்தாகணும். மறைச்சா 21-ம் பிரிவில் ஆறு மாசம் வரை சிறை. பாஸ்டருக்கு, பாதிரியாருக்குன்னு விலக்கு கிடையாது. "சபைக்கு அவமானம்"னு மூப்பர்கள் கூடிப் பேசி முடிக்கிற விஷயமே இல்லை இது. குழந்தைகள் உதவி எண் 1098க்கு ஒரு போன்.

சாகணும்போல இருக்குன்னு ஜாடையா சொன்னா நேரா கேளுங்க: "உயிரை விடணும்னு யோசனை இருக்கா?" கேட்டா யோசனை வந்துடும்னு பயம் வேண்டாம், கேட்டா ஆள் இளகுவார். வீட்டுல இருக்கிற பூச்சிமருந்தை அன்னிக்கே வேற வீட்டுக்கு மாத்துங்க. எதையாவது குடிச்சிருந்தா, ஆள் நல்லாத்தான் இருக்கார்னு பார்த்துட்டு இருக்காதீங்க. சில எலி மருந்துல ரெண்டு நாள் ஒண்ணும் தெரியாம இருந்துட்டுக் கல்லீரல் போகும்.

ரகசியம் கசியறது மேடையில் மட்டும் இல்லை. வாட்ஸ்அப் ஜெபக் குழுதான் பெரிய ஓட்டை. "நம்ம சகோதரி இன்னாருடைய கணவருக்கு வேற தொடர்பு, ஜெபிக்கவும்"னு போட்டா அது ஜெபக்குறிப்பு இல்லை, ஊர்ச் செய்தி. "ஒரு குடும்பத்தின் சமாதானத்துக்காக"ன்னு எழுதினா போதும். ஆண்டவருக்கு விலாசம் தெரியும்.

காரிமங்கலம்_வாசகி, ஜூன் 9, மாலை 5.40

அடிக்கிற புருஷன்கிட்ட "கீழ்ப்படிஞ்சு போம்மா, ஜெபி"ன்னு அனுப்பறதைப் பத்தி யாரும் எழுதல.

தென்பெண்ணை, ஜூன் 9, இரவு 8.55

சரியான குறை. எபேசியர் 5ல "மனைவி கீழ்ப்படியணும்"ங்கிற 22-ம் வசனத்தைப் படிக்கிறவங்க, ஒருத்தருக்கொருத்தர் கீழ்ப்படியச் சொல்ற 21-ஐயும் புருஷன் மனைவியை நேசிக்கச் சொல்ற 25-ஐயும் விட்டுடறாங்க. அடி விழற வீட்டுல ரெண்டு பேரையும் ஒண்ணா உட்கார வச்சு ஆலோசனை பண்ணக் கூடாது. அங்க அவ பேசினதுக்கு வீட்டுல தண்டனை கிடைக்கும். தனியாப் பேசணும், காயத்துக்கு ஆஸ்பத்திரிச் சீட்டு வாங்கணும், பெண்கள் உதவி எண் 181. 2005 குடும்ப வன்முறைச் சட்டத்துல மாவட்ட சமூக நல அலுவலகத்துல பாதுகாப்பு அலுவலர் இருக்காங்க, ஒருங்கிணைந்த சேவை மையத்துல தங்க இடம் கிடைக்கும். மன்னிப்பு, ஒப்புரவு எல்லாம் அடி நின்ன பிறகு பேசலாம்.

ஷிப்ட்சபை_ஓசூர், ஜூன் 11, இரவு 11.20

தம்பிக்கு யாரும் சொல்லாத ஒண்ணு: ஆர்டினேஷன் (குருப்பட்டம்) ஆனதும் கல்யாணம் நடத்திடலாம்னு நினைக்காதே. 1872 இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி பிஷப் கை வச்சு அபிஷேகம் பண்ணின குருமாருக்கு தனி அதிகாரம் உண்டு. நம்ம மாதிரி சுயாதீன சபைக்காரனுக்கு அரசு லைசென்ஸ் வேணும். அதிகாரமில்லாம நடத்தினா 68-ம் பிரிவு, பத்து வருஷம் வரை சிறை. காலை 6 மணியிலிருந்து சாயங்காலம் 7 மணிக்குள்ளதான் நடத்தணும், முகூர்த்தம் 4.30க்குன்னு மாமனார் சொன்னாலும். முன் அறிவிப்பு, சான்று, சான்று குடுத்து ரெண்டு மாசத்துக்குள்ள கல்யாணம். லைசென்ஸ் இல்லாத பாஸ்டர்கள் லைசென்ஸ் உள்ளவரை வரவழைக்கிறாங்க. இல்லேன்னா சிறப்புத் திருமணச் சட்டத்துல 30 நாள் நோட்டீஸ் குடுத்துப் பதிஞ்சுட்டு, சபையில ஆசீர்வாத ஜெபம் மட்டும் வைக்கிறாங்க.

தென்பெண்ணை, ஜூன் 12, காலை 6.05

சபையில நடந்த கல்யாணத்துக்கும் 2009 தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி சார்பதிவாளர்கிட்ட 90 நாளுக்குள்ள பதிவு உண்டு. தவறினா அடுத்த 60 நாள் கூடுதல் கட்டணத்தோட. சபைச் சான்றை மட்டும் வச்சுக்கிட்டுப் பாஸ்போர்ட்டுக்குப் போய்த் திரும்பி வர்றவங்க நிறைய.

வயசு. குழந்தைக் கல்யாணத்துல நம்ம ரெண்டு மாவட்டத்துக்கும் நல்ல பேர் இல்லை. ஆதாரை மட்டும் பார்க்காதீங்க, பிறப்புச் சான்று அல்லது பள்ளி மாற்றுச் சான்று கேளுங்க. பெண்ணுக்கு 18, பையனுக்கு 21. குறைஞ்சா கல்யாணத்தை மட்டும் இல்லை, நிச்சயதார்த்த ஜெபத்தையும் மறுக்கணும். நடத்தி வைக்கிறவருக்கு 2006 குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்துல ரெண்டு வருஷம் வரை கடுங்காவல், ஒரு லட்சம் வரை அபராதம். "ஜெபம் மட்டும்தான் பண்ணினேன்"ங்கிறது கோர்ட்டுல நிக்கிற பதில் இல்லை.

மத்தூரான், ஜூன் 12, இரவு 9.15

ஞானஸ்நானம் குடுக்கவும் லைசென்ஸ் உண்டா?

தென்பெண்ணை, ஜூன் 13, இரவு 9.00

இல்லை. தண்ணி வேணும், நிதானம் வேணும். கே.ஆர்.பி. அணை மதகுப் பக்கம், ஒகேனக்கல் ஓட்டம், படியில்லாத விவசாயக் கிணறு, மூணும் வேண்டாம். ஆடிப்பெருக்கு அன்னிக்கு எந்த ஆத்தங்கரைக்கும் போகாதீங்க. இந்த வருஷம் அது ஆகஸ்ட் 3, ஞாயிறே வருது. தொட்டி கட்டினா ஆறடிக்கு நாலடி, தண்ணி மூன்றரை அடி. ஏறக்குறைய 2,400 லிட்டர், டிராக்டர் டேங்கர் அரை லோடு. ஆள் கையை நெஞ்சுல குறுக்காக் கட்டணும், மூக்குல கைக்குட்டை, உங்க ஒரு கை அவர் கைமேல, இன்னொரு கை தோள்பட்டைக்கு நடுவுல. முழங்காலை மடக்கச் சொல்லுங்க. மடக்கலைன்னா வழுக்கி விழுவார், உங்களையும் சேர்த்து. மெல்லிசு வெள்ளைத் துணி நனைஞ்சா உடம்பு தெரியும், கெட்டித் துணியா இருக்கணும். போன்ல வீடியோ எடுக்கிறவங்களுக்கு இடம் முன்னாடியே குறிச்சு விடுங்க.

வேற சபையிலிருந்து வர்றவர்கிட்ட எந்த வாய்ப்பாட்டுல முழுக்குன்னு கேளுங்க. மத்தேயு 28:19ல வர்ற "பிதா, குமாரன், பரிசுத்த ஆவி" நாமத்திலா, "இயேசுவின் நாமத்தில்" மட்டுமா? ஒருத்துவ சபைகள் (திரித்துவத்தை ஏத்துக்காதவங்க) மறுபடியும் முழுக்குக் குடுப்பாங்க, மத்தவங்க பெரும்பாலும் குடுக்க மாட்டாங்க. இந்தச் சண்டை நம்ம ஊர்ல ரெண்டு தெருவுக்கு ஒண்ணு இருக்கு.

முழுக்குக்கு முன்னாடி உட்கார்ந்து பேச வேண்டியது சாதிச் சான்று. 1950 குடியரசுத் தலைவர் ஆணைப்படி எஸ்.சி. தகுதி இந்து, சீக்கியர், பௌத்தருக்கு மட்டும். எஸ்.சி.யிலிருந்து கிறிஸ்தவரானவர் தமிழ்நாட்டில் பி.சி. பட்டியலில் வருவார். 2024 நவம்பர்ல புதுச்சேரி வழக்கு ஒண்ணுல உச்ச நீதிமன்றம், ஞானஸ்நானம் பெற்றுக் கிறிஸ்தவரா வாழ்றவர் சலுகைக்காக எஸ்.சி. கோருறது அரசியலமைப்பை ஏமாத்துறதுன்னு சொல்லிடுச்சு. அதனால பிள்ளையோட ஸ்காலர்ஷிப், ஹாஸ்டல், வேலை எல்லாம் அந்த மேசையில வரும். மறைச்சுக்கன்னு சொல்லாதீங்க, அவசரப்படுத்தாதீங்க, பொய்ச் சான்று குடுக்காதீங்க. இந்தச் சட்டம் நியாயமான்னு கேட்டா நியாயமில்லைன்னுதான் நினைக்கிறேன். ஆனா என் கோபத்துக்கு அந்தக் குடும்பம் விலை கட்டக் கூடாது.

லாந்தர், ஜூன் 15, மாலை 4.30

செமினரிக்கு வரலாமா? பெந்தெகொஸ்தே 1906ல லாஸ் ஏஞ்சல்ஸ் அசூசா தெருவில் ஆரம்பிச்சது. அமெரிக்க இயக்கத்துக்கு நம்ம ஊர்ல ஏன் கல்லூரி?

தென்பெண்ணை, ஜூன் 15, இரவு 10.25

இந்த ஒரு வரியைத் திருத்தத்தான் திருச்சபை வரலாறு வகுப்பு வேணும். அசூசா தெருவுல 1906ல கறுப்பினப் போதகர் வில்லியம் சீமோர் நடத்தினது உண்மை. அதுக்கு முந்தின வருஷம், 1905ல, புனே பக்கம் கேட்கானில் பண்டித ரமாபாயின் முக்தி இல்லத்துல எழுப்புதல் வந்திருக்கு. அதுக்கும் முன்னாடி 1860ல ஜான் கிறிஸ்தியான் அருளப்பன் ஊழியத்துல, திருநெல்வேலிச் சீமையில, அந்நியபாஷையும் (ஆவியில பேசற புரியாத மொழி) தீர்க்கதரிசனமும் பதிவாகியிருக்கு. அவர் தமிழர். இந்தியாவுல தொடர்ந்து நடக்கிற ஆரம்பகாலப் பெந்தெகொஸ்தே வேதாகமப் பள்ளிகள்ல ஒண்ணு 1927ல தொடங்கி, இப்ப கேரளா புனலூரில் நடக்கிற பெத்தேல். ஒரு செமஸ்டர் இதைப் படிச்ச பையன் வெளிநாட்டுப் பிரசங்கியைப் பார்த்துக் கூனிக் குறுக மாட்டான்.

தென்பெண்ணை, ஜூன் 16, காலை 6.20

பட்டம் எப்படின்னு தெரிஞ்சுக்கிட்டு சேருங்க. வங்காளத்துச் செராம்பூர் கல்லூரி 1818ல ஆரம்பிச்சது, 1827ல டென்மார்க் அரசரின் சாசனம், 1918ல சட்டம். அந்த வழியில வர்ற பி.டி., எம்.டிஎச். (இறையியல் இளநிலை, முதுநிலை) பட்டங்களுக்குச் சட்ட அடிப்படை உண்டு. தமிழ்லயே படிக்கணும்னா மதுரை அரசரடியில் 1969ல தொடங்கின தமிழ்நாடு இறையியல் கல்லூரி அந்த வகை. பெந்தெகொஸ்தே கல்லூரிகள்ல பல ஆசிய இறையியல் கழகத்தின் அங்கீகாரத்துல நடக்குது. தரம் பார்க்கிற அமைப்புதான், சபை வட்டாரத்துல மதிப்பு உண்டு, ஆனா அரசு வேலைக்குக் காட்டுற பட்டம் இல்லை. இது ரெண்டும் இல்லாம, பணம் கட்டினா மண்டபத்துல கவுன் போட்டு "டாக்டர்" குடுக்கிற கூட்டம் மூணாவது. நோட்டீஸ்ல பேருக்கு முன்னாடி ரெண்டு டாக்டர் இருந்தா எச்சரிக்கையா இருங்க.

தென்பெண்ணை, ஜூன் 16, இரவு 9.40

வகுப்புக்குள்ள என்ன நடக்கணும்? நம்ம பிள்ளைகளுக்குச் சாட்சி சொல்ல வரும், பாட வரும், மணிக்கணக்கா ஜெபிக்க வரும். வராதது, வசனத்துக்கு முன்னாடி பின்னாடி படிக்கிறது. டிசம்பர் 31 ராத்திரி வாக்குத்தத்த அட்டையில, நல்ல எதிர்காலம் தருவேன்னு சொல்ற எரேமியா 29:11 வராத வருஷம் இல்லை. பத்தாம் வசனத்துல "எழுபது வருஷம்" இருக்கு. பாபிலோனுக்குச் சிறையாப் போனவங்களுக்கு எழுதின கடிதம் அது, கேட்டவங்கள்ல பலர் ஊர் திரும்பவே மாட்டாங்க. இதைக் கண்டுபிடிச்ச மாணவன் முதல் வாரம் வருத்தப்படுவான், அப்புறம் நல்லாப் பிரசங்கம் பண்ணுவான்.

பிரசங்கக் கலை வகுப்புல பன்னிரண்டு நிமிஷம் குடுங்க, மைக் குடுக்காதீங்க. எக்கோ இல்லேன்னா பாதிப் பிரசங்கம் காணாமப் போகும், மிச்சம் என்னன்னு அவனுக்கே தெரியும்.

வாத்தியாரா வர்ற பாஸ்டர் தப்பு பண்றது இங்கதான். மாணவன் "மாற்கு 16ல பாம்பு எடுக்கிற பகுதி பழைய கையெழுத்துப் படிகள்ல இல்லையாமே"ன்னு கேட்டா, மேடைக் குரல்ல அதட்டிடறார். சீனாய்ப் படி, வத்திக்கான் படி ரெண்டுலயும் 16:8ஓட முடியுதுன்னு நேரா சொல்லிட்டு, அப்ப நம்ம உபதேசம் எந்தப் பகுதி மேல நிக்குதுன்னு அவனையே தேட விடணும். அந்நியபாஷை வர்ற அப்போஸ்தலர் 2, 10, 19 இருக்கே, பயப்பட என்ன இருக்கு? ஆனா அதே விஷயத்தை ஞாயிறு மேடையில முதல் தடவையா அவிழ்த்து விடறதும் தப்பு. கேட்கிற பாட்டிக்குக் கேள்வி கேட்க வழியில்லை.

ஷிப்ட்சபை_ஓசூர், ஜூன் 18, இரவு 11.45

வயித்துப்பாட்டை யாரும் தொடல. செமினரியில வருகை ஆசிரியருக்குக் கிடைக்கிறது பஸ் செலவும் சாப்பாடும் போக ஒரு கவர். ஆலோசனைக்குக் காசு வாங்கறது நம்ம வழக்கம் இல்லை, வாங்கவும் கூடாது. வாங்கினா மூணாவது தடவை இன்னொருத்தர்கிட்ட அனுப்ப மனசு வராது. ஆக தசமபாகம்தான். அதை ரெண்டு பேர் எண்ணி, ரெண்டு கையெழுத்து போட்டு, மறுநாள் பேங்க்ல கட்டணும். பாஸ்டர் எண்ணவே கூடாது. நிலம் வாங்கினா டிரஸ்ட் பேர்ல பத்திரம். பாஸ்டர் பேர்ல இருந்தா அவர் காலமான மறுவாரம் ஆலயம் வாரிசுச் சொத்து, மகனுக்கும் மருமகனுக்கும் நடுவுல ஆராதனை நடக்கும். கிராமத்துல ஆலயம் கட்ட கலெக்டர் முன் அனுமதி வேணும், வீடுன்னு பிளான் வாங்கி மேல சிலுவை வச்சா புகார் வர்ற அன்னிக்கு சீல். ஸ்பீக்கர் ராத்திரி 10லிருந்து காலை 6 வரை கூடாது, முழு இரவு ஜெபத்துக்கு மைக்கே வேண்டாம்.

பாலக்கோடு_அக்கா, ஜூன் 19, காலை 5.50

அடக்கம் எங்கன்னும் இப்பவே யோசிக்கணும். சின்ன சபைக்குக் கல்லறைத் தோட்டம் கிடையாது. பெரிய சபைத் தோட்டங்கள்ல மத்த சபை ஆளுக்கு இடம் கேட்டா பல இடத்துல இல்லைன்னுதான் பதில். சொந்தப் பட்டா நிலத்துல புதைக்கலாம்னு சிலர் நினைக்கிறாங்க, அனுமதிக்கப்பட்ட மயானம் தவிர வேற இடத்துல முடியாது. ஆள் சாகறதுக்கு முன்னாடியே, விசுவாசியா இல்லாத மகன்கிட்ட உட்கார்ந்து பேசி வைங்க. பால் ஊத்தணும்னு பெரியப்பா வந்து நின்னா ஐஸ் பெட்டி பக்கத்துல சண்டை போடறது ஊழியம் இல்லை. முடிவு குடும்பத்தோடது.

மத்தூரான், ஜூன் 20, இரவு 9.05

தம்பி இதை மொத்தமும் படிச்சுட்டான். மனசு மாறல. மூணு வருஷம் வீண்ங்கிற என் வாதத்தை நானும் கொஞ்சம் தள்ளி வைக்கிறேன். இந்த வருஷமே சேரலாமா?

தென்பெண்ணை, ஜூன் 20, இரவு 10.50

கல்லூரிகள் பல ஜூன், ஜூலையில ஆரம்பிக்குது, அதனால இந்த வருஷம் ஓடிப் பிடிக்க வேண்டாம். ஒரு வருஷம் சபையில வைங்க: ஞாயிறு பள்ளி ஒரு வகுப்பு, வாரம் ஒரு தடவை பாஸ்டரோட ஆஸ்பத்திரி வார்டு, பழைய ஏற்பாட்டை ஒரு தடவை முழுசா. ஆலோசனை அறைக்குள்ள இப்ப வேண்டாம்.

அடுத்த பிப்ரவரியில கல்லூரியைப் போய்ப் பாருங்க. பாஸ்டர் பரிந்துரைக் கடிதம், பட்டச் சான்று, ஞானஸ்நானச் சான்று கேட்பாங்க. நீங்க கேட்க வேண்டியது: அங்கீகாரம் எது, எந்த வருஷம் வரை? மனநல ஆலோசனைப் பாடத்துல ஆஸ்பத்திரி அனுபவம் உண்டா, வெறும் நோட்ஸா? முழுநேர ஆசிரியர் எத்தனை பேர், என்னை மாதிரி வந்து போறவங்க எத்தனை பேர்? அப்புறம் லைப்ரரிக்குள்ள போய்த் தமிழ் அலமாரி எவ்வளவு நீளம்னு பாருங்க, புத்தகத்துல கடைசியா தேதி முத்திரை விழுந்தது எப்பன்னும் பாருங்க.